செல்வி பார்க்காத பாடம்

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

பெரிய பேரன் பேங்கில் இருக்கிறான். சின்னவன் டாக்டருக்குப் படிக்கிறான். பேத்தி பூங்கொடி பனியன் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் செக்கிங், துணிக்கடை, டியூஷன் என்று எங்கெங்கோ அலைந்து, இப்போது ஒரு பனியன் கம்பெனியின் ஆட்களுக்குச் செல்போனில் பாடம் செய்து தருகிறாள். கதையும் கேள்வியுமாக இருக்கும். சரியான பதிலைத் தொட்டால் திரையில் மயில் ஆடும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

நேற்று அந்தக் கம்பெனியில் செல்வி என்ற பெண்ணின் இரண்டு விரலைக் கட்டிங் மிஷின் வெட்டிவிட்டது. பாதுகாப்புப் பாடத்தில் அவளுக்கு முழு மார்க்காம், அதனால் தப்பு அவளுடையதாம். அவள் பாடத்தை முடித்தாள் என்று பூங்கொடி கம்பெனிக்கு எழுதித் தர வேண்டுமாம்.

"அந்தப் புள்ள பாக்கவேயில்லீங்க அம்மாயி. வேலை நிக்கக் கூடாதுன்னு எல்லார் போனையும் வாங்கி சூப்பர்வைசரே பதில அமுக்கிட்டாரு."

"இந்த வேலையும் போனா எங்க போவ கண்ணு? எழுதிக் குடுத்துரு" என்றேன்.

என் முன்னாலேயே எழுதி அனுப்பினாள். பிறகு சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, "இனி எம்பட வேலையப் பத்தி ஆருகிட்டயும் பெருமை பேசாதீங்க அம்மாயி" என்றாள்.

சரி என்றேன். நடுராத்திரி ஆகியும் அவள் பாயில் தூங்காமல் புரண்டுகொண்டுதான் இருக்கிறாள்.