கோரைப்பேடு தாங்கலுக்கு வரும் தண்ணீரை அடைத்திருக்கும் மண்கரையை எடுக்கச் சொல்லி

அனுப்புநர்:
தாட்சாயணி, க/பெ. சிட்டிபாபு,
கோரைப்பேடு கிராமம், புத்தூர் தாலுகா,
சித்தூர் ஜில்லா, ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
ம.ரா.ரா.ஸ்ரீ தாசில்தார் அவர்கள்,
புத்தூர்.

பொருள்: கோரைப்பேடு ஏரியின் உபரித் தண்ணீர் தாங்கலில் சேராதபடி கிராமத்தார் போட்டிருக்கும் கரையை எடுக்கவும், தாங்கல் புறம்போக்கை யாருக்கும் பட்டா கொடுக்காமல் காக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது என் கணவர் மீதும் அவருடைய ஊரார் மீதும் நான் கொடுக்கும் புகார். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

2. எங்கள் ஊர் ஏரி நிரம்பி வழிந்தால் உபரித் தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழே உள்ள தாங்கலில் இறங்கும். தாங்கல் என்பது ஆழமில்லாத, கோரை முளைத்த சதுப்புப் பள்ளம். தண்ணீர் அங்கே தங்கி, வண்டல் படிந்து, தெளிந்த பிறகு ஆலங்கண்டிகை ஏரிக்குப் போகும். ஆலங்கண்டிகை என் தாய்வீடு. ஏப்ரல் மாதத்திலிருந்து அது மதராஸ் ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு தாங்கலின் நடுவில் போகிறது.

3. இரண்டு ஊருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஏரி வழியத் தொடங்கியதும் ஆலங்கண்டிகையார் தேங்காய், மஞ்சள், வெற்றிலை வைத்த தட்டோடு வருவார்கள். எங்கள் ஊரார் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார்கள். பிறகு கால்வாய் வாயில் சேர்ந்த மண்ணை இரண்டு ஊரும் சேர்ந்து வெட்டும். முதல் வெட்டை மாமனும் மைத்துனனும் ஒரே மண்வெட்டியைப் பிடித்து வெட்டவேண்டும். பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் தண்ணீருக்காகச் சண்டை போடக்கூடாது என்று யாரோ புத்தியுள்ளவர்கள் ஏற்படுத்தியது.

4. கோடையில் எல்லை அளப்பவர்கள் வந்தார்கள். அப்போது தாங்கல் வற்றிக் கிடந்தது. வரிசையாகக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் அதுவரை கல் நட்டதெல்லாம் யாருக்காவது நிலம் பிரித்துக் கொடுக்கும்போதுதான். ஆகவே, "கல்லு நட்டாச்சி, உழுதவனுக்குத்தான் பட்டா" என்று பேச்சு கிளம்பிவிட்டது. எல்லைக்கல் வேறு, பட்டாக்கல் வேறு என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆவணிக்குள் எங்கள் பக்கத்துத் தாங்கல் முழுவதும் வரப்பு வைத்து, கோரையைக் கொளுத்தி, உழுது நட்டுவிட்டார்கள். முதலில் ஏர் ஓட்டியவர் என் கணவர்.

5. புது வயல் மூழ்கக்கூடாது அல்லவா? அதற்காகக் கால்வாய் தாங்கலில் இறங்கும் இடத்தில் பெரிய மண்கரை போட்டுத் தண்ணீரைப் பக்கத்து ஓடையில் திருப்பிவிட்டார்கள். அது மணலில் ஓடி வீணாகப் போகிறது. எங்களுக்கும் உதவவில்லை, கீழ் ஊருக்கும் உதவவில்லை, வைக்கோற்போர் நாயின் கதைதான். தாங்கல் காய்ந்ததும் அதை ஒட்டிய எங்கள் கிணறுகளிலும் ஊற்று இறங்கிவிட்டது. நாரைகள் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்காராமலே போயின.

6. புரட்டாசி மழையில் ஏரி வழிந்தது. வழக்கம்போல் ஆலங்கண்டிகையார் தட்டோடு வந்தார்கள். தட்டைச் சுமந்து வந்தவன் என் தம்பி ஆதிநாராயணன். என் கணவர் வாசலில் உட்கார்ந்தபடியே இருந்தார், எழுந்திருக்கவில்லை. "ஆந்திரா தண்ணி மெட்ராசுக்கு எதுக்கு? உன் சர்க்கார கேட்டு வாங்கிக்கினு போ" என்றார். தெலுங்கில் ஒரு வரி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மனிதர், ஒரு கோடையில் இத்தனை பெரிய ஆந்திராக்காரர் ஆகிவிட்டார். என் தம்பி, "கல்லு நெலத்துக்குத்தான் நட்டாங்க மாமா, தண்ணிக்குமா நட்டாங்க?" என்று கேட்டான். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனான். அவனுக்காகச் சோறு வடித்து வைத்திருந்த நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். என் வயதுக்கு அப்படி நின்றிருக்கக் கூடாது.

7. ஆலங்கண்டிகை ஏரியில் இப்போது கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. சம்பா நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்துக்குள் தண்ணீர் போய்ச் சேராவிட்டால் நடவு கிடையாது, என் தம்பி குடும்பத்துக்கு இந்த வருஷம் நெல்லும் கிடையாது. ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் அவர்களிடம் போய்ச் சொன்னேன். "இது ரெண்டு சர்க்கார் விஷயம்மா" என்று கையை விரித்தார். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

8. ஆகையால் தாங்கள் நேரில் வந்து பார்த்து, அந்தக் கரையை வெட்டித் தண்ணீரைத் தாங்கலில் விட உத்தரவிட வேண்டும். தாங்கல் தண்ணீர் தங்கும் இடம், யாருக்கும் பட்டா கிடையாது என்று தண்டோரா போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாதிக்கும் இதே ஏற்பாடு செய்யும்படி திருத்தணி தாசில்தார் அவர்களுக்கும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு என் தாய்வீட்டாரும் இதையே செய்வார்கள். அவர்களும் எங்களைப் போன்ற மனிதர்கள்தான்.

9. இன்னொன்று. தாங்கலில் நட்ட பயிரை அழிக்க நேர்ந்தால், எங்கள் வயலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் பயிர் நன்றாகக் கதிர் வாங்கியிருக்கிறது. நடவு நட்டவளும் களை எடுத்தவளும் நான்தான், ஆகவே அது என்ன விலைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றவர்கள் வயலில் கைவைத்தால், தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள்.

10. மனு கொடுத்தது யார் என்று விசாரணையில் கேட்பார்கள். தயவுசெய்து மறைக்க வேண்டாம். என் கணவர் இருக்கும்போதே, ஊர் நடுவில், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் வந்து நிற்கிறேன்.

இடம்: கோரைப்பேடு
தேதி: 20-10-1960

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) தாட்சாயணி
கோரைப்பேடு சிட்டிபாபு மனைவி,
ஆலங்கண்டிகை வேதாச்சலம் மகள்.