அரிவு வெட்டிய வயலில் விழுந்த விமானம்

நேற்று வவுனியாவில், மகன் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கும்போது பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் நிலத்தில் சிந்திவிட்டது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் மோட்டார் சைக்கிள் இருக்கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். தலை சுற்றுகிறதா என்று மகன் கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் உனக்கு மட்டும்தான் விளங்கும். நீ கண்ணை மூடி இரண்டு மாரி மழை கடந்துவிட்டது.

புளியங்குளத்துக்குக் கிழக்கே உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே ஒரு வேலிதான். காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். நீ, தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லய வீடுகளைக் கலவரக்காரர் கொளுத்திய பிறகு, மலையிலிருந்து புருசனோடு இறங்கி வந்தவள்.

அன்று அரிவு வெட்டி முடிந்த வயலில் நாம் இருவரும் விடுபட்ட கதிர்களை அறுத்துக்கொண்டு நின்றோம். விமானச் சத்தம் கேட்டது. அந்த யுத்த நாளில் வானத்தில் சத்தம் கேட்டால் குண்டு என்றுதான் அர்த்தம். வரம்போடு குப்புற விழுந்தோம். ஆனால் அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றே போனது. தலையைத் தூக்கினால், வெள்ளையாக ஒரு சின்ன விமானம் பனை உயரத்தில் நம்மை நோக்கி இறங்குகிறது. சக்கரம் நிலத்தில் பட்டது, ஒருமுறை எழும்பியது, அடுத்த வரம்பில் தடக்கி அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது.

யாரோ தனியாரின் விமானம், வவுனியாவில் இறங்க வந்து வழி தவறி, இயந்திரமும் பழுதாகிவிட்டது என்பதெல்லாம் பிறகு அறிந்த கதை. அப்போது புழுதிக்குள்ளால் பெற்றோல் மணம் மட்டும்தான் வந்தது. நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் இதைத் தேடி வேறு விமானங்கள் வரும், ஓடுவம் என்றேன். நீயும் ஓடத்தான் எழும்பினாய். அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு சிங்களக் குரல் "அம்மே, அம்மே" என்று அழுதது.

நீ நின்றுவிட்டாய்.

"அம்மாவைக் கூப்பிடுறான், அக்கா."

உன் உதடு வெளுத்திருந்தது. அரிவாளோடு நீ நடந்தாய். உன்னைத் தனியே விடவும் பயம், பின்னால் வரவும் பயம். அழுதுகொண்டே வந்தேன். வார்ப் பட்டியில் தலைகீழாகத் தொங்கிய விமானி, முகமெல்லாம் இரத்தமாக, உன் கையில் அரிவாளைக் கண்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டான். வெட்டத்தான் வருகிறாய் என்று நினைத்திருப்பான். நீ உடைந்த கதவுக்குள்ளால் ஊர்ந்து போய், அவன் காதருகே சிங்களத்தில் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னாய். சொல்லிக்கொண்டே பட்டியை அறுத்தாய். நான் தோளைத் தாங்கினேன். வாய்க்கால்வரை அவனை இழுத்து வந்தபோது நம் முதுகுக்குப் பின்னால் விமானம் பற்றிக்கொண்டது. அந்தச் சூடு இன்றும் என் பிடரியில் இருக்கிறது.

ஆட்கள் வந்து அவனை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போனார்கள். பிழைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

பின்னேரம் என் குசினி அடுப்பருகே தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாய். அவனுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பய வென்ன எபான்னு சொன்னேன், அக்கா. பயப்படாதன்னு அர்த்தம். எங்க லயத்தைக் கொளுத்த வந்தவங்க பாஷைதான். அதுலயே எனக்கும் சொல்லிக்கிட்டேன்."

சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது இன்றும் அவ்வளவுதான். உன் கடைசிக் கிழமையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிய உன்னிடம் குனிந்து, பிழையான உச்சரிப்போடு அதைச் சொன்னேன். நீ சிரிக்கப் பார்த்தாய்.

இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயம் போவதில்லை. ஆனால் கால் முன்னுக்கு நகர்கிறது.