நான்காம் மாடிக் காற்று

பாசிர் ரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வைஷாலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாயிருக்க வீரமாகாளியம்மன் துணையிருப்பாள். போன மாதம் மேற்குப் பக்கத் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கரைப்பான் கிடங்கு எரிந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீ பதறிப்போய்க் கூப்பிட்டாயே, நான் ஆபீஸில்தான் இருக்கிறேன் என்று சொன்னேனே, அது பொய் கண்ணு. நெருப்பு அணைந்த மறுநாள் காலையிலிருந்து ஒன்பது நாள் நான் அங்கேதான் இருந்தேன். வேன் ஓட்டுவது, காற்றை அளக்கிற மீட்டரைக் கம்பத்தில் கட்டுவது, தீயணைத்த நுரைத் தண்ணீர் ஓடிய கால்வாயில் போத்தல் போத்தலாக மொண்டு ஐஸ் பெட்டியில் வைப்பது, இதெல்லாம் என் வேலை. நம்பரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது சாயிரா பானு, உன் வயசுதான், கெட்டிக்காரப் பெண். கால்வாயை முதல் நாளே அடைத்துவிட்டார்கள், தேங்கிய தண்ணீரை லாரி வைத்து உறிஞ்சிக்கொண்டு போனார்கள், கடலுக்கு ஒன்றும் போகவில்லை. தண்ணீரைப் பற்றிக் கவலை விட்டது, காற்றுதான் எங்களை ஏமாற்றியது.

கிடங்குக்குப் பின்னால் ஊழியர் தங்கும்விடுதி ஒன்று இருக்கிறது. எல்லாச் சன்னலையும் மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் கோவிந்தராசு என்று ஒரு வெல்டர், புதுக்கோட்டைப் பக்கம், வேனருகே வந்து, "அண்ணே, சன்னலைத் தொறக்கலாமா, ரூமுக்குப் பன்னெண்டு பேரு, வேகுது" என்று கேட்டார். சாயிரா மீட்டரைப் பார்த்து, "நம்பர் ஓகே அங்கிள், சொல்லிடலாம்லா" என்றது. நானும் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் கோவிந்தராசு, கீழே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை, நாலாவது மாடியில் எங்களுக்குத்தான் மத்தியானமானால் தலைவலி என்று சொன்னார். எங்கள் மீட்டர்கள் அத்தனையும் தரையில்தான் இருந்தன. மாடியில் வைப்பது அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இல்லை என்று ஆபீஸில் தயங்கினார்கள், சாயிரா விடவில்லை, பேசி அனுமதி வாங்கியது. நான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். உடைந்த கிடங்குக் கூரை அந்த மாடிக்கு நேரே இருந்தது. இரண்டு மணிக்கு வெயில் ஏறிக் காற்றும் திரும்பியதும் நம்பர் சரசரவென்று ஏறியது. மூடிய சன்னல் இடுக்கு வழியாகவே கரைப்பான் ஆவி உள்ளே வந்திருக்கிறது.

சாயங்காலத்துக்குள் மேல் இரண்டு மாடி ஆட்களையும் வேறு விடுதிக்கு மாற்றினார்கள், டாக்டரும் வந்து எல்லோரையும் பார்த்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது கோவிந்தராசு என்னைப் பார்த்து, "நாலு நாளா இழுத்த மூச்சை என்ன அண்ணே பண்றது" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

அப்புறம் கிடங்கைச் சுத்தம் செய்தார்கள். மூன்று நாள் தொடர்ந்து நான்காம் மாடியில் நம்பர் இறங்கியே இருந்தது, ஒன்பதாம் நாள் ஆட்கள் திரும்பி வந்தார்கள். இனிமேல் திறந்துக்கலாம் தம்பி என்று நானே போய்க் கோவிந்தராசுவிடம் சொன்னேன். அவர் சன்னலைத் தொடவில்லை. "நீங்க தொறங்க அண்ணே" என்றார். நியாயம்தானே. திறந்தேன், மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன், கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் எழுந்து அடுத்த சன்னலைத் திறந்தார். டாக்டர் எல்லோருக்கும் பயமில்லை என்று சொல்லிவிட்டார், எனக்கும் நெஞ்சுப் பரிசோதனை செய்தார்கள், சுத்தம்.

அங்கே காட்டுத்தீப் புகை வரும் காலத்தில் வேலைக்குப் போகும் அவசரத்தில் மாஸ்க் இல்லாமல் கிளம்பாதே, தலை வலித்தால் யார் என்ன சொன்னாலும் வாய் திறந்து சொல். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலனும் சேர, நீண்ட ஆயுளோடு இருக்க அப்பாவின் ஆசி. தேக்கா கடைத்தெருவில் தைத்த உன் ரவிக்கைகளோடு இந்தக் கடிதத்தையும் பொட்டலம் கட்டப் போவது உன் அம்மா லீலாதான், ஒட்டுமுன் கட்டாயம் வாசிப்பாள். அவளிடமும் ஆபீஸ் என்றுதான் சொல்லியிருந்தேன். அதனால் இது கையில் கிடைத்ததும் மறக்காமல் ஒரு போன் போட்டு அவளைக் கொஞ்சம் சமாதானப்படுத்து.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
மருதப்பன்