கேட்காமல் எடுத்த படம்

நண்பரே,

இன்று காலை கமராப் பையைக் கவிழ்த்துத் தட்டியபோது அடியில் கிடந்த சிவப்பு ஸ்டிக்கர் சுருள் உருண்டு மேசைக்குக் கீழே ஓடியது. நார்த்மீட் மண்டபத்தில் வருடாவருடம் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வரும் ஹலோவீன் கொண்டாட்டத்தில் படம் எடுப்பது நான்தான் என்று உமக்குத் தெரியும். படம் வேண்டாம் என்கிற பெற்றோர் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பிள்ளையின் நெஞ்சில் ஒட்டிவிடுவார்கள். அதைக் கண்டால் நான் கமராவை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். பெரிய ஆட்களில் அதைத் தனக்கென்று எடுத்து ஒட்டிக்கொண்டவர் நீர் ஒருவர்தான்.

மண்டபத்தைத் துப்புரவாக்குவதும் கதிரை அடுக்குவதும் உமது வேலை. இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா, மனைவியும் மகளும் மன்னாரில். இவ்வளவையும் நீர் சொல்லவில்லை. நானே விசாரித்து வைத்திருந்தேன். முதல் நாளே என் கமராவைப் பார்த்துவிட்டு நீர் கேட்ட கேள்வி என்னைச் சுட்டது.

"இந்தப் படமெல்லாம் ஆருக்குப் போகுது?"

"பிள்ளையளின்ர தாய் தகப்பனுக்கு."

"வேற ஒருத்தருக்கும் போகாதோ?"

"ஏன், சனாதிபதிக்கும் ஒண்டு அனுப்போணுமோ?"

நீர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டிக்கரை உரித்துச் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டீர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று ஊர்ச்சனத்தைப் படம் எடுக்கிறவன் நான். என்னைப் பார்த்தால் உளவுக்காரன் மாதிரியா இருக்கிறது என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் குசினிக்குள் சமைத்தபடியே, "ஒளிக்கிற ஆளெண்டால் ஏதோ இருக்கும். கவனமப்பா," என்றாள். அந்தச் சொல் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம். இடைவேளையில் நீர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி வருவீர். கறுப்புத் துணிக்கு முன்னால் நான் குட்டிச் சூனியக்காரிகளை நிறுத்திக் கொண்டிருந்தால், பின்னால் நின்று, "ஐசே, அந்தப் பேய்க்கு மூக்கு ஒழுகுது, முதல்ல துடைச்சு விடும்," என்பீர். எவ்வளவு பகிடி விட்டாலும், நான் கமராவைத் தூக்கினால் முகம் மறுபக்கம் போய்விடும். நான் அதையும் கணக்கில் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன், வயலில் நிறுத்தும் வெருளி வேடத்தில் வந்தான். வைக்கோல் தொங்கும் சட்டை, தலை முழுவதும் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடி ஆடி வந்தான். சனம் கைதட்டியது. உமது கையில் இருந்த தட்டம் கீழே விழுந்தது. சிவப்புச் சர்பத் நிலமெல்லாம் ஓடியது. நீர் சுவரோடு ஒட்டி நின்றீர்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் அங்கே ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் சனத்தை வரிசையாக நடக்க விட்டு, சாக்கால் தலையை மூடிய ஒருவனை முன்னால் இருத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டு போய்விடுவார்கள். அவனைத்தான் தலையாட்டி என்போம். அந்தக் கணத்தில் என் புத்தி போன போக்கைப் பாரும்! இந்த மனுசன் அந்தச் சாக்கை ஒருகாலம் போட்டவர், அதுதான் படத்துக்கு ஒளிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். தூர லென்ஸை மாட்டினேன். உமது நெஞ்சில் சிவப்பு வட்டம் இருந்தது. அதற்கு மேலே உமது முகத்தை மட்டும் எடுத்தேன்.

எங்கள் சனம் நிறைய இருக்கும் ஹோம்புஷில் எனக்குத் தெரிந்த மன்னார்க்காரர் ஒருவருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே ஒரே ஒரு வரி: "இவர் தலையாட்டியோ?"

பதில் வர மூன்று கிழமை ஆனது. அவர் போனிலேயே கத்தினார். "என்ன வேலை பாத்தனீர்? அந்தாளைத்தான் தலையாட்டி காட்டிக் குடுத்தது. அவரையும் தமையனையும் ஒரே நாளில கொண்டு போனவங்கள். தமையன் திரும்பி வரேல்லை."

"சரி, அந்தப் படத்தை அழிச்சு விடுங்கோ," என்றேன்.

"எங்கை அழிக்கிறது? நான் ரெண்டு பேரிட்டைக் கேக்க அனுப்பினனான். அவங்கள் ஊர்க் குறூப்பில போட்டிட்டாங்கள்."

அடுத்த வருடம் நீர் கதிரையை அடுக்கிவிட்டு என்னிடம் வந்தீர். மெலிந்திருந்தீர். "ஊரில என்ர படம் திரியுது. தலையாட்டியோ எண்டு கேட்டு ஆரோ போட்டிருக்கிறாங்கள். மனிசி கோயிலுக்கும் போறதில்லை இப்ப," என்றீர். பிறகு என் கமராவைப் பார்த்தீர். "உம்மட கமராவில எடுத்ததோ?"

"என்ன கதை கதைக்கிறீர்? நீர்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீரே. நான் ஏன் எடுக்கிறன்?"

பொய்யைச் சொல்லிவிட்டு ரோசப்பட்டவன் மாதிரிக் குரலையும் உயர்த்தினேன். நீர், "கோவிக்காதையும். எனக்கு இப்ப எல்லாரிலையும் சந்தேகம்," என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி எடுக்கப் போனீர். நான் அதைக் குடித்தேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நாலு மாதம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் ரயிலிலேயே உமது நெஞ்சு நின்றுபோனது. பிறகு உமது மனைவி என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தா. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க ஒரு படம் வேணுமாம். "படமெண்டாலே ஓடுற மனுசன், அண்ணை. உங்களிட்டை ஒண்டாவது இருக்குமெண்டு சொல்லிச்சினம்."

இருந்தது. ஒன்றே ஒன்று. இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன். அனுப்பினேன். அன்றே போன் வந்தது.

"இந்தப் படம் எங்களுக்கு முந்தியே வந்தது, அண்ணை. கீழ ஒரு கேள்வியோட."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேட்டது நீங்களோ?"

"ஓம்."

அழுவா, திட்டுவா என்று காத்திருந்தேன். உமது மனைவி திட்டவில்லை. "கேள்வியை எல்லாரும் வாசிச்சவை. பதிலையும் அங்கையே எழுதுங்கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா.

மன்னார்க்காரரைப் பிடித்து அந்தக் குறூப்பில் சேர்ந்தேன். உம்மையும் தமையனையும் காட்டிக் கொடுத்தவன் வேறொருவன், உம்மேல் பழி போட்டவன் நான், படத்தைக் களவாக எடுத்தவனும் நான் என்று எழுதினேன். இருநூறு பேருக்கு மேல் வாசித்தார்கள். முதல் பதில் உடனே வந்தது. "இதை இப்ப வந்து சொல்லுற நீர் ஆர்?"

கறுப்புத் துணிக்கு முன்னால் நின்று என் முகத்தை நேராகப் படம் எடுத்து, பெயரோடு அனுப்பினேன். அது இப்போது எங்கெங்கே திரிகிறதோ தெரியாது.

நேற்று ஹோம்புஷ் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றேன். ஒருவர் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு இது இரண்டே கிழமை. நீர் எப்படி ஐசே ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வந்தீர்?