கதவைத் திறந்தது யார்

அன்பு மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், பெரியம்மாவைப் பற்றித்தான் நல்லதாக எழுத ஒன்றுமில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

அவளை மருத்துவமனையில் சேர்த்து இன்றோடு பன்னிரண்டு நாள். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார், இனி வாரக் கணக்கு இல்லை, நாள் கணக்குதான் என்றார். நம் பௌத்த தியானக் குழுவில் எல்லோரும் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து சூத்திரங்கள் வாசிக்கிறார்கள். அவர்களுக்குத் தியானத்தில் உட்காரச் சொல்லிக்கொடுத்தவள் இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை நம் குழுவில் இருக்கும் பஸ் டிரைவர் நிலையாமை பற்றிய உரை ஒன்றை அழகாக வாசித்துக்கொண்டிருந்தார், இவள் நடுவில் கையைத் தூக்கி, "நிறுத்துங்க தம்பி, நிலையாமைதான் இங்க சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டிருக்கே, புதுசா என்ன" என்றாள். அவர் சிரித்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் இவள் என்னிடம், "அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நாவல்ல கதவைத் திறந்தது யாருடி?" என்று கேட்டுவிட்டாள்.

மருந்துக்கடை மாடியில் குழு கூடும் அறையில் என் பொறுப்பில் இருக்கும் அலமாரி உனக்கு நினைவிருக்கும். மேல் தட்டில் சூத்திரங்களும் துறவிகளின் உரைகளும் புதுக் கருக்கு அழியாமல் இருக்கும், கீழ்த் தட்டில் நாவல்கள் டீக்கறையும் கிழிந்த முதுகுமாகக் கிடக்கும். பல் டாக்டர் பேய்க் கதை தவிர வேறு எதையும் தொடமாட்டார், "நாள் முழுக்க நிஜ அலறலைக் கேக்கறேன், இது பொய் அலறல், நிம்மதியா இருக்கு" என்பார். எலக்ட்ரீஷியன் அண்ணன் போதனை நூல் ஒன்றை ஆறு வருடம் மூன்றாம் அத்தியாயத்திலேயே வைத்திருந்தார், துப்பறியும் கதை என்றால் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடும். தியானத்தில் கண்ணை மூடினால் கொலைகாரன் யார் என்பதுதான் ஓடுகிறது என்று ஒருநாள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அப்போது என் புத்தி போன போக்கைப் பார். முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆசையும் ஆசைதானே என்று, பதினோரு நாவல்களின் கடைசி அத்தியாயத்தைப் பிளேடால் அறுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். பெரியம்மா அதை ஒரு பயிற்சியாகவே ஆக்கினாள், புதிதாக வருகிறவர்களிடம் அறுத்த நாவல் ஒன்றைக் கொடுத்து, தெரியாமல் இருக்கப் பழகுங்கள் என்பாள்.

அவள் கேட்கும் நாவலில் ஸ்டேஷன் மாஸ்டர் காணாமல் போன தங்கையை இருபது வருடம் தேடி, கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கிறது. அங்கேதான் என் பிளேடு இறங்கியது. நானும் படிக்காமல்தான் அறுத்தேன், அதில் ஒரு பெருமை வேறு. மூன்று நூலகங்களில் தேடிவிட்டேன், பழைய புத்தகக் கடைக்காரர், "அந்தப் பதிப்பகத்தையே மூடிட்டாங்கம்மா" என்று கையை விரித்தார். முந்தாநாள் நானே ஒன்றைச் சொன்னேன், புத்தகம் கிடைத்துவிட்டது, தங்கைதான் திறந்தாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நீ எழுதினது. உனக்கு எப்பவும் எல்லாரும் சேந்துடணும்" என்றாள். அப்புறம் மெதுவாக, "தெரியாம இருக்கப் பழகுன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், எனக்கே வரலியேடி" என்றாள். அன்றிலிருந்து பத்து நிமிடம்கூட என்னால் கண் மூடி உட்கார முடியவில்லை, மூச்சைக் கவனித்தால் அவள் மூச்சுதான் கேட்கிறது. இத்தனை வருடம் எதைப் பயின்றோம் என்றே தெரியவில்லை, அவளுக்கு உதவாதது எனக்கு மட்டும் உதவிவிடுமா.

இன்று காலை பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அலமாரிக்குப் போகும் முன் எல்லாப் புத்தகமும் நம் வீட்டுக்குத்தான் வந்தன, நீ எதையும் விட்டுவைத்ததில்லை. பதினாறு வயதில், பரீட்சைக்கு முந்தின நாள், குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு ஒரு நாவல் படித்தாய், அப்பா கதவை இடித்த இடியில் நீ வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்ன ஆச்சு கதையில் என்று கேட்டேன், "போம்மா, நீயே படிச்சுக்கோ" என்றாய். அது இந்த நாவலா? அட்டையில் தண்டவாளம் போட்டிருக்கும்.

நினைவிருந்தால் நல்ல முடிவோ கெட்ட முடிவோ பெரியம்மாவிடம் அப்படியே சொல். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல், என்னைப் போல ஒன்றைக் கட்டிவிடாதே, இந்த நிலையிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

உனக்கு எந்தக் குறையும் வராமல், நல்ல மனிதர்களுக்கு நடுவில் நெடுங்காலம் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. எங்கள் நேரத்துக்குக் காலை எட்டிலிருந்து பத்துக்குள் கூப்பிடு, அதற்குப் பிறகு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். போனை அவள் காதில் பிடித்துக்கொள்வதாக நர்ஸ் சொல்லியிருக்கிறாள். நான் வராந்தாவில் நிற்பேன். எனக்கு அந்த முடிவைச் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா