இடது பெடல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமும் உன் மனைவி, குழந்தை நலமும் அறிய ஆவல் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். அடுத்த மாதம் நீ வந்து இறங்கும் அன்று, அப்பா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வரக் கூடாது. வந்தால் வீடு திரும்ப மாட்டார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. உன்னால் மட்டும்தான் முடியும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பாதான் பாய்ந்து எடுக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு ஹால் நடுவில் வைத்துவிடுகிறார். நான் தனியாகப் பேசப் போனால், "அப்படி என்ன ரகசியம்?" என்று பின்னாலேயே வந்து நிற்கிறார். மெசேஜ் அனுப்பினால் நீ பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி கூரியரில் அனுப்புகிறேன். முழுசாகப் படி.

முதலில் உன்னுடைய வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். "அப்பாவின் காருக்கு மறுபிறவி" என்று தலைப்பு, பின்னால் வயலின் அழுகிறது, பழைய என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்குகிறார்கள், புது என்ஜின் பளபளவென்று உள்ளே இறங்குகிறது, கடைசியில் உன் குரல் தழுதழுக்கிறது. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை எனக்கே காட்டி, "உங்க தம்பி எவ்ளோ பாசம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தேன். 

வீடியோவில் வராததைச் சொல்கிறேன், கேள். அம்மா போன பிறகு தகரக் கொட்டகையில் கிடந்த காரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் சுத்தம் செய்தது யார்? நான்தான். நாள் முழுக்க அடுத்தவர் வாய் நாற்றத்தில் நிற்கிற எனக்கே தாங்கவில்லை. பின் சீட்டைப் பிரித்தால் எலிக் குடும்பமே உள்ளே செத்து, காய்ந்து, பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக் கிடக்கிறது. தரை விரிப்புக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கறுப்புக் கூழாகியிருந்தது. டேஷ்போர்டைத் தட்டினால் கரப்பான் முட்டை கொட்டுகிறது. சீட்டுக்கு அடியில் கல்லாகிப் போன சூயிங்கம் வரிசையாக ஒட்டியிருந்தது, அது நீ ஒட்டியதுதான், மறுக்காதே. உன் அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்று, "அங்க ஓரத்துல இன்னும் இருக்கு பாரு" என்று எனக்கு வழி காட்டினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நீ பிடித்த மெக்கானிக். அந்தப் பக்கத்தில் அவனுக்கு 'சர்ஜன்' என்று பெயர். எல்லாவற்றையும் திறப்பான், ஒன்றையும் மூட மாட்டான், அதனால் வந்த பெயர். அப்பாவிடம் "பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கோம்" என்று சொல்லி வைத்தோம், உன்னுடைய சர்ப்ரைஸ் கெட்டுவிடக் கூடாதே! ஒரு சனிக்கிழமை நான் பட்டறைக்குப் போனேன். புது என்ஜின் நீளம் போதவில்லையாம், அதாவது காருக்குத்தான் இடம் போதவில்லையாம். என்ஜினுக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரைக் காஸ் வைத்து வெட்டித் தள்ளியிருந்தான். அந்த ஓட்டை வழியாக அவனுடைய டீ கிளாஸ் தெரிந்தது. "என்னங்க இது?" என்றேன். "மேடம், உள்ள புதுசா சுவர் எழுப்பிடுவோம், கவலப்படாதீங்க" என்று வெற்றிலை எச்சிலை என் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினான். அந்த இடத்தில் நிற்கவே அருவருப்பாக இருந்தது, வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் உள்ளே எட்டிப் பார்த்திருந்தாலும் பயன் இல்லை, அதற்குள் கழற்றியாகிவிட்டது. எதை என்கிறாயா? ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் தரையிலிருந்து ஒரு இரும்புத் தண்டு நிற்குமே, மேலே கறுப்புக் குமிழோடு. அப்பா கியர் மாற்றும்போதெல்லாம் அதை இடது கையால் பின்னால் இழுப்பார், முழங்கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டே அதே கையால் ஸ்டியரிங்கில் இருக்கும் கியரைப் போடுவார். பின் சீட்டில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து, அப்பா ஏதோ நாட்டியம் ஆடுகிறார் என்று சிரிப்போம். சர்ஜன் அதைக் காட்டி உன்னிடம் வீடியோ காலில் கேட்டானாம், "சார், இது என்ன, எங்கயும் பாத்ததில்லையே?" என்று. நீ சொன்னாயாம், "ஏதோ பழைய ஹேண்ட் பிரேக்கா இருக்கும், அசிங்கமா இருக்கு, தூக்கிப் போட்டுடு." அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டான். நான் போய்த் தேடினேன். உருக்கி முடித்தாயிற்று.

அது ஹேண்ட் பிரேக் இல்லை. கிளட்ச். அப்பா வெல்டரிடம் உட்கார்ந்து தானே செய்து மாட்டிக்கொண்ட கைக் கிளட்ச். எதற்கு என்று இப்போதாவது யோசி.

இன்னொன்றும் சர்ஜன் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உன்மேல் வெறுப்பே வந்தது. புது என்ஜினோடு ஆட்டோமேட்டிக் கியர் போடலாம், கிளட்ச் பெடலே வேண்டாம், வயசானவருக்குச் சுலபம் என்று அவன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். நீ என்ன சொன்னாய்? "எங்கப்பா யாருன்னு நெனைச்சீங்க? ஆட்டோமேட்டிக் எல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு. எங்கப்பா ராஜா மாதிரி கியர் போட்டு ஓட்டுவாரு." அப்பாவைப் புகழ்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ஓட்டுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாய். அத்தனை பெருமை, அத்தனை வாய்!

உன்னை மட்டும் சொல்லி என்ன? நம் வீட்டு வளர்ப்பு அப்படி. சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப் போன அப்பாவின் இடது காலைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அம்மா போட்ட சட்டம். அப்பா இழுத்து நடப்பதை 'அப்பா நடை' என்றுதான் சொல்வோம். போட்டோ எடுத்தால் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பார். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டார்கள் என்று நான் வந்து சொன்னதற்கு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. மரியாதை என்று நினைத்தோம். அதன் பலன், பெற்ற மகனே தன் அப்பாவுக்கு ஒரு கால் விளங்காது என்பதை மறந்துவிட்டு, அவருக்குக் கார் செய்து கொடுக்கிறான். இந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போது குமட்டுகிறது.

கார் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. நீ ஏற்பாடு செய்த ஆள் கேமராவோடு வந்து நின்றான். காருக்குள் ஏதோ மட்டமான சென்ட்டை ஊற்றி வைத்திருந்தார்கள், கழிவறையில் பூ வைத்தது மாதிரி ஒரு வாடை. அப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தார். இடது கை தானாகக் கீழே போனது. காற்றைப் பிடித்தது. குனிந்து பார்த்தார். மூன்று பெடலையும் பார்த்தார், இடது காலால் மிதிக்க வேண்டிய கிளட்சையும் சேர்த்து. நான் பக்கத்தில்தான் நின்றேன், அப்போதுதான் எனக்கும் புரிந்தது. கேமராக்காரன் "சார், சிரிங்க சார்!" என்றான். அப்பா சிரித்தார். "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு உன் அத்தானைப் பார்த்து, "மாப்ள, வண்டி சூடு ஏறட்டும், நீங்களே ஒரு ரவுண்டு எடுங்க" என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். இந்த மனிதரும் பல்லை இளித்துக்கொண்டு ஏறி ஓட்டினார். ஒன்றும் உறைக்கவில்லை அவருக்கு.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டுக் கேட்டாய், "ஓட்டினீங்களாப்பா?" என்று. "பட்டு மாதிரி போகுதுடா" என்றார். அவர் வாயால் ஒரு பொய் வந்து நான் கேட்டதே இல்லை. நீயும் விடாமல், "அப்ப நான் வர்றப்ப நீங்கதான் ஓட்டிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும், வீடியோ எடுக்கணும்" என்றாய். "வராம இருப்பேனா?" என்றார். 

அதிலிருந்து ஆரம்பித்தது இந்தக் கூத்து. நான் வேலைக்குக் கிளம்பியதும் கொட்டகைக்குப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முழங்காலுக்கு மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்தி, அந்தக் காலைப் பெடல்மேல் தள்ளிப் பார்க்கிறாராம். புது கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது, நல்ல காலுக்கே வலிக்கும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: பழைய பெல்ட்டால் பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். போன வாரம் அப்படிக் கட்டிக்கொண்டு என்ஜினையும் போட்டிருக்கிறார். பழைய என்ஜின் என்றால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றிருக்கும். நீ அனுப்பியது குதிரையல்லவா! கியரைப் போட்டுவிட்டு முழங்காலிலிருந்து கையை எடுத்ததும் பெடல் மேலே எகிறியிருக்கிறது, அந்தக் காலால் திரும்ப அழுத்த முடியவில்லை, கார் பாய்ந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு காம்பவுண்டு சுவரில் போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா அப்போதுதான் உள்ளே போயிருந்தார்.

நான் வந்து கேட்டதற்கு, "பிரேக் டெஸ்ட் பண்ணேன்" என்கிறார். முன் பம்பர் நசுங்கியதை உன் அத்தானும் அவருமாகத் தட்டி, பெயின்ட் பூசி மெழுகிவிட்டார்கள், உனக்குத் தெரியக் கூடாதாம். கணுக்கால் வீங்கி, பெல்ட் அறுத்த இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. மருந்து போடப் போனால் வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறார். நேற்று அவர் தூங்கும்போது பார்த்தேன். தம்பி, எத்தனையோ பேருடைய அழுகிய ஈறைப் பார்த்தவள் நான், அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. "வாடகை வண்டி வெச்சுக்கலாம்ப்பா, அவனும் களைச்சுப்போய் வருவான்" என்றேன். என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "எம் பையன் அங்க உக்காந்து எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான். நான் ஓட்டலைன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? நீ சும்மா இரு" என்றார். உன் மனசு நோகக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் காலைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறப் போகிறார். லாரிகளுக்கு நடுவில். இதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது உனக்கு?

தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், மகன் வருகிறான், நானே போய் அழைத்து வரப் போகிறேன் என்று. சட்டையைக்கூட எடுத்து வைத்துவிட்டார். சாவியை நான் ஒளித்து வைத்தேன், உன் அத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டார், "பெரியவர் ஆசைப்படுறாரு, விடேன்" என்று. அந்த ஆளோடு இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

ஆகவே, இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே நீ அப்பாவைக் கூப்பிட வேண்டும். விமானம் தாமதம், நண்பன் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று சப்பைக்கட்டு எதுவும் கட்டாதே. அப்படிச் சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம், நீ அங்கே திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நிற்பார். நேராகச் சொல்: "அப்பா, உங்க கால நான் மறந்தே போயிட்டேன்." இந்த வார்த்தைகளையே சொல். அவர் போனை வைத்துவிடுவார். மறுபடியும் கூப்பிடு. எடுக்கிற வரைக்கும் கூப்பிடு. திட்டினால் வாங்கிக்கொள். அழுதால், நீயும் அழு, கேமரா இல்லாமல்.

குழந்தைக்கு என் முத்தங்கள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். எவ்வளவு வெறுத்தாலும் அக்கா ஆயிற்றே, உன்னை வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. நீ வாசலில் வந்து இறங்கும்போது, உனக்குக் கதவைத் திறக்க அப்பா உள்ளேயிருந்து நடந்து வரட்டும். இப்போதைக்கு உனக்கு என்னால் கொடுக்க முடிந்த ஆசீர்வாதம் இதுதான்.

கோபம் தீராத,
உன் அக்கா