பிரேக் பிடித்த பிறகு

செவ்வாய், இரவு.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சாயங்காலம் இயற்பியல் புத்தகத்தோடு வந்தாள்.

"ஏனுங்கப்பா, முடுக்கம் மைனஸ்ல இருந்தா ரயில் பின்னால போகுதுங்களா?"

"இல்ல அம்மணி. வேகந்தான் குறையும். வண்டி முன்னாலதான் போய்ட்டிருக்கும்."

"எத்தனை தூரமுங்க?"

இன்று காலை வாளையார் காட்டுக்குள் நான் ஓட்டிய ரயிலுக்கு முன்னால், தண்டவாளத்தில் ஒரு யானை நின்றது. பார்த்த உடனே பிரேக் பிடித்தேன். வேகம் காட்டும் முள் அறுபதிலிருந்து நாற்பதுக்கும் இருபதுக்கும் இறங்கியது. யானைக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரமும் கூடவே குறைந்தது. கடைசி நொடியில் அது தானாகவே விலகிக் காட்டுக்குள் போய்விட்டது. அது நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பெட்டி நீளம் போய்த்தான் வண்டி நின்றது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கும் அதே வழியில்தான் டூட்டி.